மூன்று விலை, மூன்று க்யூரிங் முறை: ஸ்காபரோ வீட்டுச் சாக்கடைக் குழாய்க்கு எது சரி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டொரொண்டோவின் ஸ்காபரோ பகுதியில் 1950களில் கட்டிய வீடு. பேஸ்மென்டிலிருந்து தெருவுக்குப் போகும் நான்கு அங்குலச் சுடுமண் குழாயில் மரவேர் புகுந்து அடிக்கடி அடைக்கிறது. முற்றத்தைத் தோண்டாமல் குழாய்க்குள்ளேயே லைனிங் போட, அதாவது பழைய குழாய்க்குள் புதுக் குழாய் ஒன்றை உருவாக்க, முடிவு செய்து மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டிருக்கிறீர்கள். க்யூரிங், அதாவது லைனிங்கை இறுகவைப்பது, ஒவ்வொருவரிடமும் ஒரு விதம். ஒருவர் தானாகவே இறுகும் எபாக்சி பிசின் என்கிறார், விலை குறைவு. இன்னொருவர் நீராவி என்கிறார். மூன்றாமவர் ஒளியால் இறுகவைப்பதாகச் சொல்கிறார், விலையும் அதிகம். வேலை நவம்பர் கடைசியில். "எந்த க்யூரிங் முறை சிறந்தது? கருவுற்றிருக்கும் மகள் பேஸ்மென்டில் தங்கியிருக்கிறாள், வாடையால் ஆபத்து உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. பணம் கொடுத்தபின் குழாய் மண்ணுக்குள் இருக்கும், நீங்கள் தொட்டுப் பார்க்க முடியாது. அது சரியாக இறுகியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நான் கழிவுநீர்க் குழாய் சீரமைப்பில் பொறியாளராக வேலை செய்பவன். தொடக்கத்தில் தெருக் குழாய்கள், பிறகு வீட்டு இணைப்புகள். உங்கள் குழாயின் கேமரா வீடியோவைப் பார்க்காமல் "இதைப் போடுங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எங்கே பலமானது, எங்கே காலை வாரும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் அடிப்படை. பாலியெஸ்டர் ஃபெல்ட் துணி அல்லது கண்ணாடி நாரால் செய்த மெத்தென்ற குழல் ஒன்றை (இதைத்தான் லைனர் என்போம்) ரெசின் என்ற திரவப் பிசினில் ஊறவைத்து, பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்று அல்லது நீரின் அழுத்தத்தால் சுவரோடு ஒட்டும்படி விரித்து, அந்த நிலையிலேயே ரெசினை இறுகவைக்கிறார்கள். 1971இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் ஒரு பழைய செங்கல் சாக்கடையில் எரிக் வுட் என்பவர் இதை முதன்முதலில் செய்துகாட்டினார். அன்றிலிருந்து குழல், ரெசின், கருவிகள் எல்லாம் மாறிவிட்டன. மாறாத ஒன்று, தளத்துக்கு வரும் பொருள் இன்னும் குழாய் ஆகாத ஒன்று என்பதுதான். கடையில் வாங்கும் பிவிசி குழாயைத் தொழிற்சாலையிலேயே சோதித்து அனுப்பியிருப்பார்கள். உங்கள் லைனரோ உங்கள் வீட்டு மண்ணுக்குள், அந்த ஒரு நாளில்தான் குழாய் ஆகிறது. அதனால் க்யூரிங் எப்படி நடந்தது என்பதுதான் அதன் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ரெசினில் இரண்டு குடும்பங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் வகை. இதில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கும். சூடோ ஒளியோ பட்டதும் தூண்டி வேதிப்பொருள் உடைந்து வினையைத் தொடங்கிவைக்கும். ஸ்டைரீன் மூலக்கூறுகள் பாலியெஸ்டர் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட, எல்லாம் ஒரே வலையாக இறுகும். வினை தொடங்கியதும் தன் வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டு வேகமாக ஓடும். இன்னொன்று எபாக்சி. இதில் ஸ்டைரீன் இல்லை. ரெசின், ஹார்ட்னர் என்று இரண்டு பாகங்கள் கணக்கான விகிதத்தில் கலந்து ஒன்றோடொன்று வினைபுரியும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட ஊற்றினால் பயன் இல்லை, மிஞ்சியது வலையில் சேராமல் நின்று குழாயைப் பலவீனப்படுத்தும். ஒப்பந்தக்காரர் எபாக்சியை எடைபோட்டுக் கலக்கிறாரா, கண் மதிப்பில் கலக்கிறாரா என்பதைப் பார்த்தாலே அவர் வேலையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

சரி, உங்களிடம் வந்த மூன்று விலைகளுக்கு வருவோம். தானாக இறுகும் எபாக்சியைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: நவம்பர் கடைசியில், டொரொண்டோ மண்ணில், வெளிச்சூடு எதுவும் தராமல் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட அறை வெப்பத்துக்கானது. நேரத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். குளிரில் இறுகும் எபாக்சி ஒரு கட்டத்தில் கண்ணாடிபோல் உறைந்துவிடும். உறைந்தபின் உள்ளே மூலக்கூறுகள் நகர முடியாததால் வினை முடியாமலே ஏறக்குறைய நின்றுபோகும். கையால் தட்டினால் கெட்டியாகத்தான் ஒலிக்கும். பிறகு ஒருநாள் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்தோ பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்தோ சுடுநீர் தொடர்ந்து ஓடும்போது அது இளகலாம். அதே எபாக்சி லைனருக்குள் சுடுநீரைச் சுற்றவிட்டுச் சூடேற்றி முடித்தால் இந்தக் குறை பெரிதும் தீர்ந்துவிடும். ஆகவே அந்த முதல் ஒப்பந்தக்காரரிடம் "சுடுநீர் வைத்து முடித்துத் தருவீர்களா, அதற்கு எவ்வளவு கூட ஆகும்?" என்று கேளுங்கள். பலரிடம் சிறிய பாய்லர் இருக்கும். கேட்காவிட்டால் வெளியே எடுக்க மாட்டார்கள்.

சுடுநீர் முறை மூத்தது, நிதானமானது. லைனரை நிரப்பிய நீரைப் பாய்லர் வழியாகச் சுற்றவிட்டு மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள். பாலியெஸ்டருக்கு வழக்கமாக 60 முதல் 80 டிகிரி வரை போகும். தண்ணீர் ஏராளமான வெப்பத்தைத் தாங்கி நிற்பதால் குழாயின் மேல், கீழ், மேடு, பள்ளம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே சூடு கிடைக்கும். குறை என்னவென்றால் நேரமும் எரிபொருளும் அதிகம், முடிந்தபின் அந்த நீரை எங்கே விடுவது என்ற பிரச்சினையும் உண்டு. பாலியெஸ்டர் என்றால் அந்த நீரில் ஸ்டைரீன் கலந்திருக்கும், மழைநீர் வடிகாலில் விடவே கூடாது.

நீராவியில் வேலை சீக்கிரம் முடியும். நீராவி குளிர்ந்து நீராகும்போது ஒரு கிலோவுக்கு 2,200 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தைக் கொட்டும், அதனால் லைனர் சுவர் மளமளவென்று சூடாகும். ஆனால் அப்படிக் குளிர்ந்த நீர் எங்கே போகும்? குழாயின் அடியில் ஓடும், பள்ளம் இருந்தால் தேங்கும். தேங்கிய நீருக்கு அடியில் உள்ள லைனர் நீராவியைப் பார்ப்பதே இல்லை. மேல்பாதி கல்லாக இறுகியிருக்கும், அடிப்பாதி வேகாத இட்லி மாதிரி இருக்கும். சாக்கடையில் எப்போதும் நீர் ஓடுவது அந்த அடிப்பாதியில்தான். சுடுமண் குழாய்கள் இரண்டு மூன்று அடித் துண்டுகளாக இணைத்தவை. எழுபது ஆண்டுகளில் சில இணைப்புகள் தாழ்ந்து பள்ளம் விழுந்திருப்பது சாதாரணம். உங்கள் வீடியோவில் கேமரா எங்காவது நீருக்குள் மூழ்கி எழுகிறதா என்று பாருங்கள். மூழ்கினால் அங்கே பள்ளம். அப்படி இருந்தால் நீராவி வேண்டாம் என்பேன். பள்ளமில்லாமல் சீராகச் சரிந்த குழாய் என்றால் நீராவி நல்ல வேலைதான், அதை ஒதுக்கத் தேவையில்லை.

சூட்டில் இறுகும் எல்லா முறைகளுக்கும் பொதுவான இன்னொரு எதிரி, சுற்றியுள்ள ஈர மண். உள்ளே கொடுக்கும் சூட்டை வெளியே இருக்கும் குளிர்ந்த மண்ணும் நிலத்தடி நீரும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே லைனரின் உட்புறம் முதலில் இறுகும், பழைய குழாயைத் தொடும் வெளிப்புறம் கடைசியில்தான் இறுகும். பெரிய தெருக் குழாய்களில் லைனர் தடிமனாக இருப்பதால் வினையின் சொந்த வெப்பம் உதவிக்கு வரும். உங்கள் நான்கு அங்குலக் குழாயில் சுவர் மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அது உண்டாக்கும் வெப்பம் கொஞ்சம், அதுவும் உடனே மண்ணுக்குப் போய்விடும். சின்னக் குழாய் என்றால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். க்யூரிங்கைப் பொறுத்தவரை குளிர்காலத்தில் சின்னக் குழாய்தான் கூடுதல் கவனம் கேட்கும். இதற்காகத்தான் லைனருக்கும் பழைய குழாய்க்கும் நடுவே வெப்ப உணரிக் கம்பியை வைத்து அளக்கிறோம். பாய்லரில் காட்டும் சூட்டைக் காட்டி "எண்பது டிகிரி கொடுத்தோம்" என்று சொன்னால் அது போதாது. மறுமுனையில் வெளிவரும் நீரோ ஆவியோ எத்தனை டிகிரி, லைனரின் வெளிப்புறம் எத்தனை டிகிரிக்கு வந்தது, எவ்வளவு நேரம் அங்கே நின்றது என்பதுதான் கணக்கு.

அப்புறம் ஆறவைப்பது. இதில்தான் அவசரம் அதிகம் நடக்கிறது, மாலை ஆகிவிட்டது, ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டும். சூடாக இருக்கும்போதே அழுத்தத்தை விட்டுவிட்டால் லைனர் சுருங்கும்போது பிடிப்பு இல்லாமல் நீளத்திலும் குறுக்கிலும் இழுத்துக்கொள்ளும். பழைய குழாய்க்கும் புதியதற்கும் நடுவே இடுக்கு உண்டாகும், முனைகளில் அந்த இடுக்கு வழியாக நீரும் வேரும் மறுபடி நுழைய வழி கிடைக்கும். வட அமெரிக்காவில் இந்த வேலைக்கு அடிப்படையாக இருக்கும், ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் எஃப் 1216 தரநிலை, சுடுநீர் முறையில் 38 டிகிரிக்கும் நீராவி முறையில் 45 டிகிரிக்கும் கீழே ஆறியபிறகுதான் அழுத்தத்தை விடச் சொல்கிறது.

ஒளி முறையில் கதை வேறு. கண்ணாடி நார்க் குழலுக்குள் புற ஊதா விளக்குகளின் வரிசையைக் கணக்கிட்ட வேகத்தில் இழுத்துவருவார்கள். வீட்டுக் குழாய்களுக்கு இப்போது எல்ஈடி விளக்குத் தலைகள் வந்திருக்கின்றன, வளைவுகளிலும் ஓரளவு புகும். ஒளி படும்வரை ரெசின் இறுகாது. அதனால் விரித்த லைனரைக் கேமராவால் பார்த்து, சுருக்கமோ முறுக்கோ இருந்தால் திருத்தியபின் விளக்கைப் போடலாம். சூட்டு முறையில் ரெசினைக் கலந்த நொடியிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும், இந்த வசதி கிடையாது. மண் குளிர்ந்திருக்கிறதா என்பதும் இங்கே பெரிதாகப் பாதிக்காது. விலை கூடுதலாக இருப்பதற்கு ஓரளவு நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் ஒளி முறைக்கும் தோற்கும் இடங்கள் உண்டு. விளக்கை வேகமாக இழுத்தால் வெளிப்புறம் இறுகாது. உள்ளே நீர் தேங்கினாலோ விளக்கின் கண்ணாடி மூடியில் அழுக்குப் படிந்தாலோ ஒளி குறையும். விளக்கின் அலைநீளமும் ரெசினில் சேர்த்திருக்கும் ஒளித்தூண்டியும் பொருந்த வேண்டும், ஒரு நிறுவனத்தின் விளக்கையும் இன்னொரு நிறுவனத்தின் ரெசினையும் மனம்போல் சேர்க்க முடியாது. வீட்டடியில் 90 டிகிரி வளைவு இருந்தால் விளக்குத் தலை அங்கே சீராக நகருமா என்று முன்பே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த முறை என்பதைவிட யார், எப்படிச் செய்கிறார்கள் என்பது முக்கியம் என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் உள்ள ஐகேடி என்ற நிலத்தடிக் கட்டமைப்பு ஆய்வு நிறுவனம், வேலை நடந்த தளங்களிலிருந்து வெட்டி அனுப்பிய லைனர் மாதிரிகளின் வளைவு வலிமை, விறைப்பு, சுவர்த் தடிமன், நீர் கசியாமை ஆகிய நான்கையும் சோதித்துப் பல ஆண்டுகளாக அறிக்கை வெளியிட்டுவருகிறது. முடிவுகளை ஒப்பந்தக்காரர் வாரியாகவே போடுகிறார்கள். ஒரே வகை லைனரைப் பயன்படுத்துபவர்களுக்குள்ளும் முடிவுகள் வேறுபடுகின்றன. நல்ல நகராட்சிகள் இப்படி ஒரு மாதிரித் துண்டைக் கேட்காமல் பணம் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர்தான் கேட்பதில்லை.

நீங்களும் கேட்கலாம். லைனரின் முனையில் அதே அளவுக் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி, லைனரோடு சேர்த்து அதற்குள்ளும் இறுகவைத்து, பின்பு வெட்டி எடுக்கலாம். ஃபெல்ட் லைனருக்கு எஃப் 1216 கேட்கும் குறைந்த அளவு, வளைவு வலிமை 31 மெகாபாஸ்கல், விறைப்பு 1,724 மெகாபாஸ்கல். கண்ணாடி நார் லைனர்களுக்கு இதைவிடப் பல மடங்கு விறைப்பை எதிர்பார்க்கலாம். இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த மாதிரித் துண்டு உங்கள் பேஸ்மென்டின் வெதுவெதுப்பான காற்றில் இறுகியது. முற்றத்தின் நடுவில் ஈர மண்ணுக்குள் இருக்கும் லைனர் அந்த அளவுக்கு இறுகியிருக்கும் என்று இது நிரூபிக்காது. மாதிரி தேறாவிட்டால் வேலை நிச்சயம் தேறவில்லை. மாதிரி தேறினால் வேலை அநேகமாகத் தேறியது, அவ்வளவுதான். அதனால் மாதிரியோடு க்யூரிங் பதிவையும் கேளுங்கள்: சூட்டு முறை என்றால் நேரவாரியாக வெப்பநிலையும் அழுத்தமும், ஒளி முறை என்றால் விளக்கின் வேகமும் எந்த விளக்குகள் எரிந்தன என்பதும். ஒளி முறைக் கருவிகளில் பல இதைத் தானாகவே பதிந்துவைக்கும், தருவதற்குத் தயங்கினால் காரணம் கேளுங்கள்.

மகளைப் பற்றிய கேள்வி. எபாக்சி என்றால் ஸ்டைரீன் வாடை இருக்காது, ஆனால் ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருளின் வாடை லேசாக வரலாம். நீராவி விலை சொன்னவரும் ஒளி விலை சொன்னவரும் எந்த ரெசின் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். ஒளி முறை என்றாலே ஸ்டைரீன் இல்லை என்று பொருளில்லை, அதிலும் பாலியெஸ்டரும் வினைல் எஸ்டரும்தான் அதிகம் புழங்குகின்றன. ஸ்டைரீன் கண், மூக்கை எரிக்கும், தலைவலியும் மயக்கமும் தரும், இவற்றில் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை "மனிதரில் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. 2017இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீராவி க்யூரிங் தளங்களில் வெளியேறும் வெண்புகை வெறும் ஆவி அல்ல, ஸ்டைரீனும் வேறு வேதிப்பொருள்களும் கலந்தது என்று காட்டினார்கள். மறுபக்கம், ஒரு பிபிஎம்முக்கும் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவான அளவிலேயே மூக்கு ஸ்டைரீனைக் கண்டுபிடித்துவிடும். அமெரிக்கத் தொழிலிடச் சட்ட வரம்பு எட்டு மணிநேரச் சராசரியாக 100 பிபிஎம். எனவே வாடை வந்ததாலேயே ஆபத்தான அளவு என்று ஆகாது. ஆனால் அந்த வரம்பு வேலை செய்யும் வயதினருக்காக வகுத்தது, கருவுற்ற பெண்ணுக்காக அல்ல. ஒருநாள் குறைந்த அளவில் முகர்ந்தால் கருவுக்கு என்ன ஆகும் என்பதில் ஆய்வுகள் தெளிவான விடை தரவில்லை. நான் மருத்துவரும் அல்ல. இப்படித் தெளிவில்லாத இடத்தில், அன்றும் மறுநாளும் மகள் உறவினர் வீட்டில் இருந்துவிட்டு, வாடை முழுதும் போனபின் வரட்டும் என்பேன்.

வாடை வீட்டுக்குள் வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: காய்ந்துபோன ட்ராப். பேஸ்மென்ட் தரை வடிகாலிலும் பயன்படுத்தாத குளியலறையிலும் வளைகுழாயில் நிற்க வேண்டிய நீர் ஆவியாகிப் போயிருக்கும். வேலைக்கு முதல்நாளே ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வேலை நடக்கும்போது குளியலறை விசிறி, சமையலறைப் புகைபோக்கி, துணி உலர்த்தி எதையும் ஓடவிடாதீர்கள். அவை வீட்டுக் காற்றை வெளியே தள்ளி, அந்த இடத்துக்குச் சாக்கடைக் காற்றை உள்ளே இழுக்கும். குளிராக இருந்தாலும் இரண்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். வாடை ஒரு வாரம் தாண்டியும் நிற்கிறது என்றால் லைனர் சரியாக இறுகவில்லை என்று சந்தேகிக்க நியாயமான காரணம் உண்டு. உடனே கேமரா விடச் சொல்லுங்கள்.

"ஐம்பது ஆண்டு உழைக்கும்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அது வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் கணக்கு, உத்தரவாதம் அல்ல. ஆனால் வெறும் விளம்பரமும் அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டென்வர், கொலம்பஸ் நகரங்களில் பழைய லைனர்களை வெட்டி எடுத்துச் சோதித்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. 20 ஆண்டுகளைத் தாண்டியவையும் நல்ல நிலையில் இருந்தன. அவை நகராட்சிக் குழாய்கள், பெரும்பாலும் சூட்டில் இறுகிய பாலியெஸ்டர். வீட்டுச் சின்னக் குழாயில் எல்ஈடியால் இறுகியவற்றுக்கு அவ்வளவு நீண்ட வரலாறு இன்னும் சேரவில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், குழாயில் பள்ளம் இருந்து, வளைவு கடினமாக இல்லாவிட்டால், தேங்கிய நீரை எடுத்துவிட்டு ஒளி முறை. வளைவு கடினம் என்றால் சுடுநீரில் முடித்த எபாக்சி, மகள் வீட்டில் இருப்பதால் எனக்கு இதிலேயே சாய்வு அதிகம். பள்ளமில்லாத குழாய், மகளும் இரண்டு நாள் வெளியே இருப்பாள் என்றால் நீராவியும் சரி, பதிவும் மாதிரியும் கொடுத்தால். மூவரும் பதிவு தர மறுத்தால் வசந்தம்வரை காத்திருந்து நாலாவது ஆளைத் தேடுவேன். அதுவரை வேரை வெட்டி ஓட்டத்தைத் திறந்துவைக்க முடியும்.

எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. வேர் நுழைந்திருக்கும் இடம் கேமராவில் எத்தனை அடியில் தெரிகிறது என்று குறித்துக்கொண்டு, அதை முற்றத்தில் அளந்து பாருங்கள். டொரொண்டோவில் வீட்டிலிருந்து மனை எல்லைவரை உள்ள குழாய்தான் உங்கள் பொறுப்பு. எல்லையிலிருந்து தெருச் சாக்கடைவரை உள்ளது மாநகராட்சியின் பொறுப்பு. நடைபாதை ஓரத்து மரத்தின் வேர்தான் அடைக்கிறது, அது எல்லைக்கு அப்பால் இருக்கிறது என்றால் முதலில் மாநகராட்சியின் 311 எண்ணை அழைத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். லைனிங்குக்கு நீங்கள் ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி செலவாகாமலே போகலாம்.